நாற்பது சொற்களுக்குள்

சுவரொட்டியின் கீழ்மூலையில்
நன்றிக்கென்று விட்ட கட்டம்
என் உள்ளங்கையை விடச் சின்னது.
நாற்பது சொல்லைத் தாண்டக் கூடாதாம்.
பள்ளியின் பெயருக்கே பதினொன்று போய்விட்டது,
நகராட்சிக்கு ஆறு.

அதில் அடங்காதவர்களை
சாந்தியாகோ போகும் இரவுப் பேருந்தில்
யாஸ்னா என் தோளில் தூங்க
நோட்டின் பின்னட்டையில் எழுதிக்கொண்டு வருகிறேன்.

முதலில் இறைச்சிக்கடை அபெலார்தோ.
பன்றி விலாவுக்கும் ஈரலுக்கும் நடுவே
எங்கள் நூற்றிருபது சிப்பிகளுக்கு
உறைபெட்டியில் ஒரு தட்டை ஒழித்துக் கொடுத்தவர்.
கறிவிலை எழுதும் சிவப்பு மையால்
"அறிவியல். தின்னாதே" என்று எழுதியும் ஒட்டினார்.
அப்படியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை
பதினேழு சிப்பிகள் அவர் மைத்துனன் வயிற்றுக்குள் போயின.
மூன்றாம் அட்டவணையில் அவை
"இழப்பு" என்ற பத்தியில் இருக்கின்றன.

அங்கூத் பேருந்து ஓட்டும் தொரிபியோ
எங்கள் பனிப்பெட்டியைத் தன் இருக்கைக்குப் பின்னால் கட்டி
வளைவுக்கு வளைவு மாட்டுவண்டியாய் ஊர்ந்தார்.
பின்னாலிருந்தவர்கள் திட்டினார்கள்.
திட்டியவர்களுக்கும் நன்றி,
ஒருவரும் இறங்கிப் போகவில்லை.

மில்காவ் சுட்டு விற்றுப் பணம் சேர்த்தார்கள்.
உருளைக்கிழங்கு துருவித் துருவி
ஒவிதியோவின் அம்மாவுக்கு விரல்தோல் போயிற்று.
அதில் வாங்கிய நுண்ணோக்கி பழையது,
இடக்கண் மங்கல்.
வலக்கண்ணில் தெரிந்தது நீலம்.

எந்தச் சிப்பியைத் திறந்தாலும் ஒரு நீல இழை.
சால்மன் பண்ணையின் கயிறும் நீலம்.
பிடித்துவிட்டோம் என்று குதித்தோம்.
நான்கு மாதம் குதித்தோம்.

ஆய்வுக்கூடம் பெருக்க வரும் எலாதியோ
ஒருநாள் துடைப்பத்தைத் தலைகீழாக நீட்டினான்.
"இதையா தேடுகிறீர்கள்?
தினமும் உங்கள் மேசைக்கடியில் ஒரு பிடி அள்ளுகிறேன்."
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.
நான்கு பேர் மேலும்
சீருடையின் நீலக் கம்பளிச்சட்டை.

மாருஹா அழுதாள்.
நான் அவனை ஒரு வாரம் வெறுத்தேன்.
வெறும் வடிநீரைத் தட்டில் ஊற்றித் திறந்துவைத்தோம்,
சாயங்காலம் அதிலும் நீலம் மிதந்தது.
எலாதியோ மான்சீயா.
அவனுக்கு இரண்டு சொல்.
நகராட்சியிடமிருந்து பிடுங்கிக் கொடுத்தேன்.

பிறகு ஆகஸ்ட் மாதம்,
வெள்ளைப் பருத்தி மட்டும் உடுத்திப் பல் கிட்டிக்க
மறுபடி முதல் சிப்பியிலிருந்து.
இந்த முறை நீலம் கொஞ்சம்,
கொஞ்சமே கொஞ்சம்.
ஆனால் எங்களுடையது அல்ல.

யாருடையது என்று சொல்ல
ஒப்பிட ஒரு முழக் கயிறு வேண்டும்.
பண்ணைக்கு மூன்று கடிதம் போட்டோம்.
பதில் இல்லை.
நான்காவது வாரம் விடியலில்
பள்ளிப் படிக்கட்டில் செய்தித்தாள் பொட்டலம்.
உள்ளே கயிறு, சரியாக ஒரு முழம்,
நுனி பிரியாமல் இரட்டை முடிச்சு.

அந்த முடிச்சைப் போடும் கை யாருடையது என்று
எங்களுக்குத் தெரியும்.
பண்ணையில் அவருக்கு இரவுக் காவலா,
படகு வேலையா என்று எழுத மாட்டேன்.
அவர் மகள் எங்கள் நால்வரில் ஒருத்தியா என்றும்
எழுத மாட்டேன்.
நோட்டுகள் தொலையும்.
வேலைகளும்.

படகுத்துறை விளக்குகள் வந்துவிட்டன.
யாஸ்னா கண் திறக்காமலே கேட்கிறாள்,
"முடித்துவிட்டாயா?"

எண்ணிப் பார்த்தேன்.
முப்பத்தேழு.
மூன்று சொல்லுக்கு இன்னும் இடம் இருக்கிறது.
அதை அப்படியே வெள்ளையாக விடுகிறேன்.
நடுவர் கேட்டால்
அச்சுப் பிழை என்று சொல்லிக்கொள்ளலாம்.